தீர்க்கதரிசனத்தைக் கைக்கொள்வது எப்படி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது நம் குமரி மாவட்டத்துச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை கைக்கு வரும். அதில் அடிக்கடி அச்சாகிற வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டுச் சுவரில் அது ஒரு வருடம் ஒட்டியிருக்கும். மகளுக்குக் கல்யாணம் கூடும், மகனுக்கு விசா வரும், கடன் தீரும் என்ற எதிர்பார்ப்போடு அதைத் தினமும் பார்ப்போம். எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வசனம் யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால் அட்டை வேறு மாதிரிப் பேசத் தொடங்கும்.

கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். பதினொன்றாம் வசனத்துக்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது கடிதத்தைப் பிரித்து வாசித்த பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை. அதுவரை என்ன செய்வது? 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவித்தான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதைத்தான். 29:11-ஐ மட்டும் கத்தரித்து எடுத்து இந்த வருஷமே என்று வாசிக்கும்போது எரேமியாவின் பெயரில் அனனியாவின் செய்தியைச் சுவரில் ஒட்டிவைக்கிறோம்.

அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் 5 முதல் 7 வரையுள்ள வசனங்களைக் கையால் எழுதிவிடுங்கள். வளைகுடாவில் வேலை செய்கிற பிள்ளைக்கு அனுப்பும்போது இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தான் விரும்பாத ஊரின் நலனுக்காக ஒருவன் உண்மையாக ஜெபிக்கத் தொடங்கினால் அவனுக்குள்ளே எதுவோ இடம் மாறுகிறது. தீர்க்கதரிசனம் உள்ளத்தில் வேலை செய்வது என்று இந்தக் கட்டுரை சொல்வது அதைத்தான்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரம் மூன்றாம் வசனம் மூன்று வகையினரைப் பாக்கியவான்கள் என்கிறது: வாசிக்கிறவன், கேட்கிறவர்கள், "இதில் எழுதியிருக்கிறவைகளைக் கைக்கொள்ளுகிறவர்கள்". ஒருவர் சத்தமாக வாசிக்க, சபை உட்கார்ந்து கேட்கிற காட்சி அது. மூன்றாவதுதான் முக்கியம். வருங்கால நிகழ்ச்சிகளின் கால அட்டவணையைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், கைக்கொள்ள முடியாது. கைக்கொள்ள முடிகிறது என்றால் அந்தப் புத்தகம் வாசிக்கிறவனிடமிருந்து ஏதோ கேட்கிறது என்று பொருள். மிருகத்தின் முத்திரை பார்கோடா, ஆதாரா, தடுப்பூசியா என்ற தேடலில் பல வருஷம் செலவழித்தவர்கள் 2, 3 அதிகாரங்களிலுள்ள ஏழு கடிதங்களைத் தங்களுக்கு வந்த தபாலாக ஒருமுறைகூட வாசித்திருக்க மாட்டார்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அந்த ஏழில் கண்டிப்பு இல்லாதவை சிமிர்னாவுக்கும் பிலதெல்பியாவுக்கும் வந்த இரண்டு மட்டும். பாராட்டே இல்லாதது லவோதிக்கேயாவுக்கு வந்தது. அந்தச் சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்ன? நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை.

எண்ணைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வேதத்துக்குள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் தானியேல் எரேமியாவின் சுருளை வாசிக்கிறான், எழுபது வருஷம் என்ற எண்ணைக் காண்கிறான். ஒரு தீர்க்கதரிசி இன்னொரு தீர்க்கதரிசியின் எண்ணை வாசிக்கிற அபூர்வமான இடம். அவன் கணக்குப் போட உட்காரவில்லை. இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து ஜெபிக்கிறான். 3 முதல் 19 வரை பதினேழு வசனம் அந்த ஜெபம். அதிலும் 'அவர்கள் பாவஞ்செய்தார்கள்' என்று அவன் சொல்வதில்லை, 'நாங்கள்' என்கிறான். புத்தகம் முழுவதும் குற்றம் காண முடியாத மனிதனாகக் காட்டப்படுகிறவன் தன்னையும் அந்தக் கூட்டத்தில் நிறுத்துகிறான். கன்வென்ஷன் பந்தல்களில் எழுபது வாரக் கணக்கைச் சொல்லும் 24 முதல் 27 வரையுள்ள நாலு வசனத்துக்குப் பெரிய வரைபடங்கள் தொங்குகின்றன. பதினேழு வசனத்துக்கு ஒரு அட்டைகூட இல்லை. தானியேல் 8:14-இன் 2300 நாட்களை வருஷங்களாக எண்ணிய அமெரிக்காவின் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. மறுநாள் சாதாரணமாக விடிந்தது. காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அப்போஸ்தலர் 1:7 முன்பே சொல்லியிருந்தது.

உள்ளத்துக்கென்று வாசிப்பது தீர்க்கதரிசனத்தை நீர்த்துப்போகச் செய்யாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வாசிப்பைத் தொடங்கிவைத்தவர்கள் தீர்க்கதரிசிகளேதான். எசேக்கியேல் 14-இல் மூப்பர்கள் வந்து மரியாதையாகத் தீர்க்கதரிசியின் முன்னால் உட்காருகிறார்கள். இவர்கள் தங்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள் என்று கர்த்தர் அவனிடம் சொல்கிறார். யோவேல் 2:13 வஸ்திரங்களையல்ல, இருதயங்களைக் கிழிக்கச் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் துறவிகளுக்குப் போதித்த ஜான் காசியன் எருசலேம் என்ற ஒரே பெயரை நாலு விதமாக வாசிக்கலாம் என்றார்: வரலாற்றில் அது யூதர்களின் நகரம், பிறகு திருச்சபை, பிறகு பரலோக நகரம், பிறகு மனிதனின் ஆத்துமா. அந்த வரிசையில் வரலாறு முதலில் நிற்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது. அதைத் தாண்டிக் குதித்து நேராக ஆத்துமாவுக்கு வந்தால் நாம் ஏற்கெனவே நினைத்திருப்பதையே வசனம் திரும்பச் சொல்லும்.

தொடங்குவதற்கு ஆமோஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அதிகாரம். சத்தமாக வாசித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாள் முழுவதையும் ஒரே அமர்வில் வாசிக்க வேண்டும், எதையும் அடிக்கோடிடாமல். அடிக்கோடிடத் தொடங்கினால் பிடித்த வசனத்தில் நின்றுவிடுவோம். இரண்டாம் நாள் பைபிளின் கடைசிப் பக்கங்களிலுள்ள வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் இரண்டு அதிகாரங்களை மட்டும் வாசியுங்கள். விரலை வரைபடத்தில் வையுங்கள். தமஸ்கு வடகிழக்கில், காசா தென்மேற்கில், தீரு வடமேற்குக் கடற்கரையில். மூன்றும் அந்நியர். அடுத்து ஏதோம், அம்மோன், மோவாப்: ஏசாவின், லோத்தின் வழிவந்த சொந்தக்காரர்கள். ஏழாவது யூதா, கூடப்பிறந்த அண்டை நாடு. இஸ்ரவேலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டியிருப்பார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து எட்டாவதாக அவர்கள் காலடியிலேயே முடிகிறது. "நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்களே."

மூன்றாம் நாள் ஒரு தாளில் எட்டு வரி போடுங்கள். முதல் மூன்றில் தூரத்தில் நீங்கள் குற்றம் காண்கிறவர்கள்: ஒரு கட்சி, ஒரு நாடு, ஒரு சாதி. அடுத்த மூன்றில் சொந்தபந்தம், அல்லது பிற சபையார். சி.எஸ்.ஐ.க்காரருக்கு கத்தோலிக்கர், கத்தோலிக்கருக்கு பெந்தெகொஸ்தேக்காரர், பெந்தெகொஸ்தேக்காரருக்கு இருவருமே என்று இந்த வரிகள் நம்மிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏழாவதில் கூடப்பிறந்தவர் அல்லது பக்கத்து வீட்டார். ஒவ்வொருவருக்கும் எதிரே உங்கள் குற்றச்சாட்டை ஒரு வரியில் எழுதுங்கள். எட்டாவதில் உங்கள் பெயர்.

பிசகுவது இந்த எட்டாவது வரியில்தான். அங்கே வந்ததும் கை மென்மையாகிவிடும். 'ஜெபம் குறைந்துவிட்டது', 'வேதம் வாசிப்பதில் சோம்பல்' என்று எழுதுவோம். ஆமோஸ் இஸ்ரவேலின் ஜெபக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுடைய பண்டிகைகளும் பாட்டுகளும் நிரம்பி வழிந்தன, கர்த்தர் அவற்றை வெறுத்தார் என்கிறது 5-ஆம் அதிகாரம். அவன் சொன்னது அடகு வாங்கின வஸ்திரத்தை விரித்து பலிபீடத்தருகே படுப்பதை (2:8), மரக்காலைக் குறைத்து கள்ளத்தராசு வைப்பதை (8:5). நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தால், வாழைக்குலை எடை போடுகிற தராசு, ரப்பர் ஷீட்டின் தரத்தைக் குறைத்துச் சொல்லி விலையை இறக்குவது, கரையில் மீன் ஏலத்தில் முன்பணம் வாங்கின படகுக்காரனை விலையில் அமுக்குவது, பெண் வீட்டாரிடம் பேசிய பவுன் கணக்கு, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நிறுத்திவைத்த கூலி. எட்டாவது வரியில் ஒரு ஆளின் பெயரும், பணமென்றால் தொகையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் ஏழாவது வரியிலேயே நிற்கிறீர்கள். தாவீது ராஜாவுக்கு முன் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னதும் தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பே எழுதிவிட்டான். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் கதை யாரைப் பற்றியது என்று அவனுக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் அந்தத் தொகையைக் கொடுப்பதற்கோ அந்த ஆளைப் போய்ப் பார்ப்பதற்கோ ஒரு தேதி குறிக்க வேண்டும். தீர்க்கதரிசன வாசிப்பில் நாம் குறிக்க அனுமதியுள்ள தேதி இது ஒன்றுதான்.

ஆமோஸோடு நிறுத்தினால் நெஞ்சு வறண்டுபோகும். அதனால் அடுத்ததாக எசேக்கியேல் 47. இந்த அதிகாரம் நம் கடற்கரைக்காரர்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். எசேக்கியேல் இந்தத் தரிசனத்தைக் கண்டது சிறையிருப்பின் 25-ஆம் வருஷம், நகரம் விழுந்து 14 வருஷத்துக்குப் பின் (40:1). அப்போது எருசலேமில் ஆலயமே இல்லை. இல்லாத ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. அளவுநூல் பிடித்த ஒருவர் ஆயிரம் முழம் அளந்து அவனைத் தண்ணீரில் நடக்க வைக்கிறார். கணுக்கால். இன்னும் ஆயிரம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. நாலாவது ஆயிரத்தில் நீந்தினால்தான் உண்டு. ஆயிரம் முழம் என்பது ஏறத்தாழ அரை கிலோமீட்டர், ஆக மொத்தம் இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு கிளையாறும் வந்து சேரவில்லை, ஆனாலும் தண்ணீர் ஆழமாகிறது.

இதை நாலு வாரமாகப் பிரித்து வாசிக்கச் சொல்வேன், ஒரு வாரத்துக்கு ஒரு ஆயிரம் முழம். கணுக்கால் வாரத்தில் பழக்கமொன்றில் ஒரு சிறு மாற்றம், வெளியே தெரிகிற மாதிரி. முழங்கால் வாரத்தில் ஜெபம். இடுப்பு வாரத்தில் உங்கள் பலத்தால் இனி நகர முடியாத காரியம் எது என்று கேட்டுப் பாருங்கள், மன்னிக்க முடியாத ஒருவர், விட முடியாத குடி, எதுவானாலும். நாலாவது வாரத்தில் கால் தரையில் படாது. அங்கே முயற்சியைப் பற்றிப் பேசுவது பயனற்றது, தண்ணீர் தாங்கட்டும் என்று விடுவதுதான். மூன்று நாள் கூட்டத்திலேயே நீச்சல் ஆழத்துக்குப் போய்விட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். அளந்து நடத்துகிற அந்த மனிதர் ஒவ்வொரு ஆயிரத்திலும் நின்று அளக்கிறார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. ஆழத்தோடு வாசிப்பை முடித்துவிடுவது. தண்ணீர் அங்கே நிற்கவில்லை, கிழக்கே இறங்கிச் சவக்கடலில் விழுகிறது. சாதாரணக் கடலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்புள்ள, மீனே இல்லாத அந்தக் கரையில், என்கேதி முதல் எனெக்லாயிம் வரை மீன்பிடிக்கிறவர்கள் வலை விரிப்பார்கள் என்கிறது பத்தாம் வசனம். உள்ளத்தில் இறங்கிய தண்ணீரின் பலனை இன்னொருவருடைய வலையில் பார்க்க வேண்டும். தூத்தூரிலோ முட்டத்திலோ ஜெபக்கூட்டத்தில் இந்த வசனத்தை எடுத்தால் விளக்கமே தேவைப்படாது. வெளிப்படுத்தின விசேஷம் 21:1-இல் சமுத்திரமும் இல்லாமற்போயிற்று என்று வாசித்துத் திகைத்துப்போகிற மீனவர்களுக்கும் இதைச் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். தானியேல் 7-இலும் வெளிப்படுத்தின விசேஷம் 13-இலும் மிருகங்கள் எழும்பி வருகிற சமுத்திரம், கொந்தளிப்பும் பயமும் குடியிருக்கிற இடம். இல்லாமற்போகிறது அது. வலை விரிக்கிற தண்ணீர் எசேக்கியேலில் குணமாகிறது.

பதினோராம் வசனம் கொஞ்சம் கடினமானது. சேற்றுப் பள்ளங்களும் சதுப்புகளும் குணமாகாமல் உப்பாகவே விடப்படும். வழக்கமான உள்வாசிப்பு, தண்ணீர் உள்ளே வந்து வெளியே ஓடாத இடங்கள் என்பது: கேட்டுக் கேட்டு எதையும் செய்யாத உள்ளம். எசேக்கியேல் 33:32 இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் சொல்கிறது, இனிய குரலுள்ளவன் பாடுகிற பாட்டைக் கேட்பதுபோல் உன்னைக் கேட்கிறார்கள், செய்வதில்லை என்று. இந்த வாசிப்பு நல்லதுதான். ஆனால் நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர் அதே வசனத்தை ஆசீர்வாதமாக வாசிப்பார்: சாப்பாட்டுக்கும் பலிக்கும் உப்பு வேண்டும், அதற்கென்று ஒரு இடத்தைக் கடவுள் ஒதுக்கிவைக்கிறார். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பே வசனத்தின் போக்குக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. 'உப்பாகவே விடப்படும்' என்பதைக் கொண்டு ஒரு ஆளை இனித் திருந்த மாட்டான் என்று யாரும் முத்திரை குத்திவிடக் கூடாது.

எரேமியாவில் இரண்டு வசனங்களை எப்போதும் ஜோடியாக வாசிக்க வேண்டும். 17:1, யூதாவின் பாவம் இரும்பெழுத்தாணியாலும் வைரத்தின் நுனியாலும் இருதயத்தின் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. 31:33, என் நியாயப்பிரமாணத்தை அவர்கள் இருதயத்திலே எழுதுவேன். எழுதப்படுகிற இடம் ஒன்றே. மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் ஆலயம் கட்டிய மயிலாடியில் இன்று கல் சிற்பிகளின் உளிச்சத்தம் கேட்கிறது. அவர்களிடம் கேட்டால் தெரியும்: வெட்டிய எழுத்தின்மேல் வேறெழுத்து வெட்ட முடியாது, முகப்பு முழுவதையும் கொத்தி இறக்கிய பிறகுதான் புது எழுத்து. 17-க்கும் 31-க்கும் இடையிலுள்ள அதிகாரங்கள் அந்தக் கொத்துதல். 18-இல் குயவன் வீடு, 20-இல் தொழுமரம், 28-இல் உடைந்த நுகம். வாக்குத்தத்தத்தை மட்டும் வாசிக்கிறவர்கள் இந்த நடு அதிகாரங்களைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஏன் எதுவும் பதியவில்லை என்று கேட்கிறார்கள்.

18-ஆம் அதிகாரத்தின் 7 முதல் 10 வரையுள்ள வசனங்கள் எல்லாத் தீர்க்கதரிசனத்துக்கும் திறவுகோல். அழிப்பேன் என்று சொன்ன ஜனம் திரும்பினால் நானும் மனம் மாறுவேன், கட்டுவேன் என்று சொன்ன ஜனம் பொல்லாப்புச் செய்தால் அங்கேயும் மாறுவேன். யோனா நினிவேக்கு நாற்பது நாள் கெடு சொன்னான், நினிவே திரும்பியது, கெடு நடக்கவில்லை. நடக்காமல் போனதுதான் அந்தத் தீர்க்கதரிசனத்தின் வெற்றி. அதைத் தாங்க முடியாமல் கோபித்து உட்கார்ந்தவன் யோனா ஒருவன்தான்.

காசு வாங்கிக்கொண்டு தனிநபருக்கு மாப்பிள்ளை, விசா, வீடு என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களைப் பற்றி மீகா 3:11 போதுமான அளவு பேசியிருக்கிறது. நான் கூட்ட ஒன்றுமில்லை.

உள்வாசிப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு. ஆமோஸின் எளியவனை 'என் உள்ளத்திலுள்ள எளிமை' என்று மாற்றிவிட்டால் உண்மையான எளியவன் வசனத்திலிருந்து மறைந்துபோவான். ஒரு வசனத்தில் விதவை, கூலிக்காரன், பரதேசி என்று வந்தால் அவர்கள் முதலில் ஆட்கள்தான். உருவகமாக்குவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். மறுபக்கம், ஏற்கெனவே தன்னைத் தானே நொறுக்கிக்கொண்டிருக்கிறவர்கள், மனச்சோர்வில் இருக்கிறவர்கள் தண்டனை அதிகாரங்களைத் தனியே வாசிக்க வேண்டாம். ஓசியா 11, ஏசாயா 40 என்று தொடங்கட்டும். மருத்துவ உதவி தேவைப்பட்டால் அதையும் ஜெபத்தோடு சேர்த்தே தேடட்டும்.

வீட்டு ஜெபக்கூட்டத்திலோ அன்பியக் கூட்டத்திலோ இதைச் செய்வதானால் எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் போதும். இருவர் மாறி மாறிச் சத்தமாக வாசிக்க 15 நிமிடம், யார் எப்போது யாருக்குச் சொன்னது என்று 10 நிமிடம், பேச்சில்லாமல் 15 நிமிடம், பிறகு ஒவ்வொருவரும் 'நான்' என்று தொடங்கிப் பேச 15 நிமிடம், கடைசி 5 நிமிடம் ஜெபம். வேறு சபையின் பெயரோ ஆளின் பெயரோ எடுக்கக் கூடாது. எட்டாவது வரியை யாரும் சத்தமாக வாசிக்கவும் கூடாது. நம் ஊர்களில் அது மறுநாள் காலைக்குள் சந்தைக்குப் போய்விடும், அந்த ஆளுக்கு இன்னொரு அநியாயம் நடந்துவிடும். அறிக்கை செய்ய போதகரோ பங்குத்தந்தையோ, சம்பந்தப்பட்டவரோ இருக்கிறார்.

கடைசியாக, பேரழிவு வந்த வீடுகள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குளச்சலையும் மணக்குடியையும் பற்றி, 2017 நவம்பர் ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி, இது நியாயத்தீர்ப்பு என்று பேசிய பிரசங்கங்கள் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு லூக்கா 13-இல் கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்லி, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார். ஆமோஸின் 4-ஆம் அதிகாரம் அடுக்குகிற அழிவுகளும் எளியவரை நொறுக்கிச் சுகமாக உட்கார்ந்திருந்தவர்களை நோக்கிச் சொன்னவை. இழப்பு நடந்த வீட்டுக்கு ஆமோஸைக் கொண்டுபோகாதீர்கள். புலம்பல் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். ஐந்து அதிகாரம், ஐந்து மாலை. நேராக 3:22-இன் கிருபைக்குத் தாவாமல் அதற்கு முந்தின இருபத்தொரு வசனத்தையும் வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஐந்தாவது அதிகாரத்தில், தாய்கள் விதவைகளைப்போலானார்கள், தண்ணீரைப் பணத்துக்கு வாங்கிக் குடிக்கிறோம், விறகுக்கும் விலை கொடுக்கிறோம் என்று வரும். அதை வாசித்து முடித்த மாலையில் அந்த வீட்டில் கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் இப்போது யார் பணம் கட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள்.